கேள்வியும் தங்கம், பதிலும் தங்கம்

கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் பழக்கம் பொன்னுத்தங்கத்துக்குக் கிடையாது. கோபத்திலும் இரண்டு கை கூடுதலாகவே சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துப் பங்குனிப் பொங்கல் முடிந்து மூன்று நாள் சோற்றுச் சட்டிப் பக்கமே திரும்பவில்லை. புருஷன் சங்கரலிங்கம் பயந்துபோனான்.

"என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"ஞானசுந்தரி தோத்துட்டா."

"எந்த ஞானசுந்தரி? ஒங்க சித்தி மகளா? எலெக்சன்ல நின்னாளா?"

"நாடகத்துல தோத்துட்டா."

சங்கரலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் கடைசி நாள் நாடகம் உண்டு. பாதி பாட்டு, பாதி வசனம். கதை எல்லோருக்கும் தெரிந்த சாமி கதை என்பதால் கதைக்காக யாரும் பாயைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேட்டைக்கு வந்த ராஜாவும் காட்டில் காவல் நிற்கிற பெண்ணும் எதிரெதிரே நின்று வாதாடுகிற தர்க்கம் என்று ஒரு கட்டம் வரும். கூட்டமெல்லாம் அதற்குத்தான். ராஜா வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவாள். ஒத்திகை எதுவும் கிடையாது. அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது மேடையில் வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். அவர் விடுகதை போடுவார், அவள் விடுவிக்க வேண்டும். வாயடைத்து நின்றால் தோல்வி. மறுநாள் அந்தத் தோல்வி பஸ் ஏறிப் பத்து ஊருக்குப் போய்விடும்.

அந்தப் பங்குனியில் ராஜபார்ட் கருப்பணன் கேட்ட கேள்வி இது: "மூச்சு வாங்குவாள், உயிர் இல்லை. பல் உண்டு, கடிக்கமாட்டாள். விரலால் தொட்டவன் பேச்சைத்தான் கேட்பாள். யார் அவள்?" ஞானசுந்தரி குயில் மாதிரிப் பாடுவாள். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் கொஞ்சம் தடுமாறுவாள். அவள் வானத்தைப் பார்த்தாள், பூமியைப் பார்த்தாள். நாலு முழம் தள்ளி மேடையிலேயே உட்கார்ந்திருந்த ஆர்மோனியத்தை மட்டும் பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்த பொன்னுத்தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்மோனியத்தின் பக்கம் கையைக் கையைக் காட்டினாள். பின்னால் இருந்தவர்கள் அவளுக்குக் கொசு கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சண்முகத்தாயைப் பொறுக்க முடியவில்லை. இருவரும் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர்கள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம். அந்த நாலு பேரில் பொன்னுத்தங்கம் ஸ்திரீபார்ட் கட்சி. அவளுக்கு மதினி முறையாகிற சண்முகத்தாய் ராஜபார்ட் கட்சி. மற்ற இருவரும் அன்றைக்கு யார் சேவு பொட்டலம் கொண்டுவந்தார்களோ அவர்கள் கட்சி. சரம் பின்னுகிறவளுக்குக் கையில்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். ஆகவே சண்முகத்தாய் காலை எட்டு மணிக்கு "மூச்சு வாங்குவா..." என்று தொடங்கினால் சாயங்காலம் வேன் வரும்வரைக்கும் விடமாட்டாள். வேனிலும் நிம்மதி இல்லை. ஓட்டுகிற பெத்தணனும் ராஜபார்ட் கட்சி. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம், "வண்டி மூச்சு வாங்குது மதினி, பல்லு இருக்கான்னு பாருங்க" என்பான்.

நாலாம் நாள் பொன்னுத்தங்கம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஒரு காரியம் செய்தாள். அவளிடம் பதினேழு கேசட்டுகள் இருந்தன. எந்த ஊர் நாடகமாக இருந்தாலும் டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்துகொண்டு வருவாள். அத்தனையையும் வரிசையாகப் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது. கருப்பணன் எந்த ஊருக்குப் போனாலும் கேட்பது மொத்தமே பதினோரு கேள்விகள். அவையே முன்னும் பின்னுமாக மாறி வருகின்றன. பதில் வந்துவிடும்போல் இருந்தால் ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஒரு கண் காட்டுவார். உடனே உச்சத்தில் ஒரு பாட்டு எழும்பும், அதோடு கேள்வி போன இடம் தெரியாது.

பதினோரு கேள்விக்கும் பதில் எழுதினாள். தாளுக்குப் பஞ்சமில்லை. அச்சு சரியாக விழாத லேபிள்கள் கம்பெனியில் கழிவாகக் கிடக்கும். முன்பக்கம் தோகை விரித்த மயில், பின்பக்கம் வெள்ளை. பென்சிலால் நுணுக்கி எழுதி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சித்திரையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் நாடகம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில்தான் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தங்கம் ஒரு தூக்கில் சுக்குக் காப்பியோடு நேராக உள்ளே போனாள். கொண்டை வைத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரி திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கா நீங்க?"

"யாரா இருந்தா என்ன. காப்பியக் குடி, தொண்டைக்கு நல்லது. இந்தத் தாளப் படி, மானத்துக்கு நல்லது."

ஞானசுந்தரி படித்தாள். கண்ணில் தீட்டிய மை கலைகிற அளவுக்குக் கண் விரிந்தது.

"இதெல்லாம் அவரு கேக்கிற கேள்வியாக்கா?"

"அம்புட்டுத்தான் அவருகிட்ட இருக்கு தாயி. டவுன் பஸ் மாதிரி அதே வண்டிதான் சுத்திச் சுத்தி வருது."

அன்றைக்குக் கருப்பணன், "மூச்சு வாங்குவாள்..." என்று தொடங்கியதுதான் தாமதம். "உம்ம ஆர்மோனியம்தானே? பாவம், உமக்குத் திணறும்போதெல்லாம் அதுதானே மூச்சு வாங்குகிறது!" என்றாள் ஞானசுந்தரி. கூட்டம் விசிலடித்தது. இரண்டாவது கேள்விக்கு அவர் வாயைத் திறக்கும்போதே பதில் வந்தது. மூன்றாவதில் அவருக்கே கேள்வி மறந்துவிட்டது. ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தோற்ற கட்சிக்காரி மற்றவளின் சட்டியைச் சுமக்க வேண்டும் என்று இருவரும் நாடகத்துக்கு முன்பே பந்தயம் கட்டியிருந்தார்கள். அதன்படி சண்முகத்தாய் ஒரு வாரம் பொன்னுத்தங்கத்தின் தூக்குச்சட்டியை வேனிலிருந்து அறைவரைக்கும் சுமந்தாள். அந்த வாரம் பொன்னுத்தங்கம் வேண்டுமென்றே கனமான சட்டியாகப் பார்த்துக் கொண்டுபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. தலைக்குச் சாயம் அடித்த, முன்வழுக்கை விழுந்த ஒருவர் இறங்கினார். எல்.ஐ.சி. ஏஜெண்ட் போலும் என்று நினைத்தாள்.

"பொன்னுத்தங்கங்கிறது..."

குரல் கேட்டதும் கையிலிருந்த சோப்பு நழுவியது. மேடையில் ஆறடி தெரிகிற ராஜா இங்கே அவள் தோளுக்கு வந்தார்.

கருப்பணன் பையிலிருந்து ஒரு மயில் லேபிளை எடுத்தார். ஞானசுந்தரி மேக்கப் பெட்டிக்கு அடியில் விட்டுவிட்டுப் போனது. லேபிளைக் காட்டி விசாரித்திருக்கிறார். பெத்தணன்தான், "இது நம்ம கம்பெனி மயிலு. அங்கன நாடகத்தப் பத்தி இம்புட்டு எழுதுற ஆளு ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டான்.

"ஏந்தாயி, ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"பதினோரு கேள்விய வச்சிக்கிட்டு இத்தன ஊர ஏமாத்துறீகளே அண்ணாச்சி, அது கெடுதல் இல்லையா?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "பன்னெண்டுன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சங்கரலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, "வந்தது வந்தீக, ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க" என்றான். ஆர்மோனியம் இல்லை, மைக் இல்லை. கருப்பணன் மெதுவாக இரண்டு வரி பாடினார். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். பொன்னுத்தங்கம் ஈரக்கையோடு நின்றாள். இத்தனை வருஷமும் இந்த மனுஷனை எதிர்க்கட்சியாகவே கேட்டிருக்கிறாள். குரலை மட்டும் தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான். பாட்டு முடிந்தபோது அவளுடைய கட்சி பாதி கரைந்துபோயிருந்தது.

"எனக்குப் புதுக் கேள்வி வேணும் தாயி. நீதான் தரணும்" என்றார்.

"எட்டுத் தாறேன். ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. அந்தப் பிள்ளைகிட்ட விடவே கூடாது."

கேள்விகளைக் கொடுத்த பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞானசுந்தரி வைகாசியில் நம் ஊருக்கே வருகிறாளே, நம் கண் முன்னாலேயே முழிப்பாளே! மறுநாளே பெட்டிக்கடை ஒரு ரூபாய்ப் போனிலிருந்து ஞானசுந்தரிக்கு அடித்து, பதில்களை ஒப்பித்தாள். எட்டு அல்ல, ஏழு. ஒன்றிலாவது அந்த மனுஷன் ஜெயிக்க வேண்டாமா? இப்படியாகக் கேள்வியும் அவளுடையது, பதிலும் அவளுடையது. இரண்டு பேருமே அவளைத் தம் கட்சி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி நாடகத்தன்று பொன்னுத்தங்கம் சாயங்காலமே போய் முன்வரிசையில் பாய் போட்டாள். தர்க்கம் வந்தது. கருப்பணன் கேட்டார், ஞானசுந்தரி சொன்னாள். அவர் மறித்தார், அவள் மடக்கினாள். இப்படி ஒரு தர்க்கத்தை இந்தப் பக்கத்தில் கேட்டதில்லை என்று பெரிய ஆட்களே வாய் பிளந்தார்கள். பொன்னுத்தங்கத்தின் உதடு மட்டும் இருவருக்கும் ஒரு நொடி முன்னால் அசைந்துகொண்டிருந்தது.

எட்டாவது கேள்வி வந்தது. கருப்பணன் ஓர் அடி முன்னால் வைத்து, இழுத்துப் பாடினார்:

"கட்டிப் போட்டால்தான் பிறப்பாள். வாய் திறந்தால் இறப்பாள். சாகும்போது தங்கச்சிக்குச் சொல்லிவிட்டுச் சாவாள். யார் அவள்?"

ஞானசுந்தரி திகைத்தாள். இது போனில் வராத கேள்வி. முன்வரிசையைப் பார்த்தாள். பொன்னுத்தங்கம் அவசரமாகக் குனிந்து பாயில் எதையோ தேடினாள். கருப்பணன் மீசையைத் தொட்டுக்கொண்டார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் ஜெயித்திருப்பார்.

"ஏ, அது நம்ம சரவெடில்லா!"

கத்தியது சண்முகத்தாய். கருப்பணனுக்காக ஊரோடு சண்டை போடுகிற அதே சண்முகத்தாய். தினமும் கையால் பின்னுகிற சரத்தை அவளுக்குத் தெரியாதா? வாய் தானாகத் திறந்துவிட்டது. அதற்குள் பெண்கள் பக்கம் முழுக்க "சரவெடி, சரவெடி" என்று ஒரே கூச்சல். அத்தனை பேரும் அந்த வேலைக்குப் போகிறவர்கள். ஞானசுந்தரி சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "என் தோழிமாரே சொல்லிவிட்டார்கள் ராஜா, நான் வேறு சொல்ல வேண்டுமா?" என்றாள். கருப்பணன் தன் கட்சிக்காரி தன் காலை வாரிவிட்டதைப் பார்த்து மேடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

சண்முகத்தாய் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'தங்கச்சிக்குச் சொல்லிட்டுச் சாவா' என்பது சரம் பின்னும்போது பொன்னுத்தங்கம் வாய்க்கு வாய் சொல்கிற பேச்சு. அது எப்படி ராஜா வாயில் வந்தது?

விசாரணை மறுநாள் காலை வேனில் நடந்தது. வீட்டுக்கு வழி சொன்னதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாத பெத்தணன், ஒன்றும் தெரியாதவன்போல் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான். பொன்னுத்தங்கம் எதையும் மறைக்கவில்லை. லேபிள், காப்பி, மொபெட், போன் எல்லாவற்றையும் சொன்னாள். வேன் கம்பெனி வாசலில் நின்றது. இறங்கும்போது சண்முகத்தாய்க்குக் கண் கலங்கியிருந்தது.

"ராஜபார்ட் ஒன் வீட்டுல வந்து ஒக்காந்து பாடிருக்காரு. ஒரு எட்டு வந்து கூப்பிடத் தோணலையே தங்கம் ஒனக்கு?"

பொன்னுத்தங்கத்துக்கு அதுவரை வராத வெட்கம் அப்போது வந்தது. "தப்புத்தான் மதினி" என்று சண்முகத்தாயின் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். மத்தியானம் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இனிமேல் ராஜாவின் கேள்வி சண்முகத்தாய் பொறுப்பு, ஞானசுந்தரியின் பதிலும் அவள் திருப்பிப் போடுகிற கேள்வியும் பொன்னுத்தங்கம் பொறுப்பு. ஒருத்தி எழுதியதை மற்றவள் நாடகத்துக்கு முந்தின நாள்வரைக்கும் பார்க்கக்கூடாது, பார்த்தபின் அன்றைக்கே பதில் எழுதிவிட வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்கி, ஃபோர்மேன் சத்தம் போட்டுக்கொண்டே திரிந்த நாட்களிலும் அந்த அறையில் இரண்டு பக்கமும் ரகசியமாக விடுகதை தயாராகிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் சேவு தின்றுகொண்டு வேவு பார்த்தார்கள்.

கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கருப்பணனுக்கும் ஞானசுந்தரிக்கும் ஜோடியாகவே அழைப்பு வர ஆரம்பித்தது. சங்கரன்கோயில் வரைக்கும் அவர்கள் பேர் பரவியது. பெயரில்லாத பங்கு தங்களுக்கும் உண்டு என்று இரண்டு பெண்களுக்கும் உள்ளூரப் பெருமை. ஆனால் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை. முந்தின நாள் எல்லாம் தெரிந்துவிடுவதால் நாடகம் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு படபடப்பதே இல்லை. கொட்டாவிகூட வந்தது.

இரண்டாயிரத்து எட்டு பங்குனியில் ஏழாயிரம்பண்ணைப் பக்கமே ஒரு நாடகம். தர்க்கம் பாதியில் இருக்கும்போது கருப்பணன் ஒரு கேள்வி கேட்டார். பொன்னுத்தங்கத்துக்குத் தூக்கம் பறந்தது. அப்படியொரு கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. ஞானசுந்தரி இடுப்பில் கை வைத்து, பதிலுக்கு ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டாள். அதுவும் புதிது.

"மதினி, நீங்க குடுத்ததா?"

"நானா? இல்லையே. நீதானோன்னு பாத்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் இருந்த இருவரும் இவர்களைக் கேட்காமலே, பஸ்ஸில் வரும் வழியில் சொந்தமாக யோசித்திருக்கிறார்கள் என்பது புரிய நேரம் ஆகவில்லை. சண்முகத்தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியா தங்கம், நம்மள வேண்டாம்னுட்டாக" என்றாள்.

பொன்னுத்தங்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கருப்பணன் அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

"சும்மா இருங்க மதினி" என்றாள். "என்ன சொல்றாருன்னு கேக்க விடுங்க."