மேட்டுத் தண்ணீர்

பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த அவரை ஊரே பாட்டில்காரர் என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வருடமாகத் திங்கட்கிழமை தவறாமல் ஓடைத் தண்ணீரை மூன்று இடத்தில் பிடித்து, சீட்டு ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்புவார். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பாலத்தடியில் ஒன்று. தான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட அதையும் பதிவேட்டில் எழுதிவைக்கிற ரகம். நேர்மைக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

போன வருடம் முழங்கால் மக்கர் பண்ணியது. மேடு ஏற முடியவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று மூன்று பாட்டிலையும் பாலத்தடியிலேயே நிரப்பி, மூன்று சீட்டையும் ஒட்டினார். முதல் வாரம் கை கூசியது. மூன்றாவது வாரம் பழகிப்போயிற்று.

இந்த வருடம் ஓடையைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் கூடித் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. அசுத்தம் எங்கே தொடங்குகிறதோ, அதற்கு மேலே இருப்பதை அப்புறப்படுத்த வேண்டும். பதினோரு வருடம் சுத்தமாக இருந்த மேட்டுத் தண்ணீர் போன வருடம் பாலத்தடித் தண்ணீரைப் போலவே கெட்டுவிட்டது என்றது அறிக்கை. மேட்டுக்கு மேலே இருந்தது ஒரே ஒரு மாட்டுத் தொழுவம், பாட்டில்காரருடைய தம்பியின் தொழுவம். போன வருடம்தான் அவன் புதிதாக நான்கு மாடு வாங்கியிருந்தான். ஆள் வசமாகச் சிக்கினான். மேட்டுக்கும் பாலத்துக்கும் நடுவே இருந்த பஞ்சாயத்துத் தலைவரின் கோழிப்பண்ணையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

தம்பிக்கு மாட்டைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. கூட்டத்தில் பாட்டில்காரர் எழுந்தார்.

"அந்த ரிப்போர்ட் தப்புங்க. ஒரு வருஷமா நான் மேட்டுக்கே போகல. மூணு பாட்டிலையும் பாலத்தடியிலதான் பிடிச்சேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா ஒரு பொய் சொல்லாத மனுஷன். தம்பின்னதும் என்ன பாடு படுறார் பாருங்க," என்றார் பரிவாக. "உட்காருங்க. உங்க மனசு எங்களுக்குப் புரியுது."

"இப்பவே மேட்டுக்குப் போய்ப் பிடிச்சுட்டு வரேன்!"

"ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். திட்டத்தை நாளைக்கு அனுப்பணும்."

கைகள் உயர்ந்தன. தொழுவத்தை ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

வாசலில் தம்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் சொன்னதை அவனும் நம்பவில்லை.

"எனக்காக உன் பேரையே கெடுத்துக்கிட்டியேண்ணே! எந்தக் கூடப்பிறந்தவன் இப்படிச் செய்வான்?"

"பொய் இல்லடா, நான் நிஜமாவே..."

"போதும்ண்ணே. என்கிட்டயுமா?" என்று அவர் வாயைப் பொத்தினான். பொத்திக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதான்.

பாட்டில்காரர் நினைத்திருந்தால் அந்தக் கையை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாதடா, அண்ணன் இருக்கேன்ல," என்றார்.