வாய் மோந்து பார்க்கும் உத்தியோகம்

யாரையும் லேசில் நம்பாத பெண் என்று எனக்கு வீட்டில் பெயர். பால்காரர் வெறும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினால்தான் பால் வாங்குவேன். அந்தப் புரட்டாசியில் எங்கள் தெருவே ஆம்பூரிலிருந்து திருப்பதிக்கு நடந்து போனபோது, மாமாவைக் கண்காணிக்கும் வேலை எனக்கு வந்ததும் அதனால்தான். வேலையைக் கொடுத்தது அத்தை. மாமா விரதத்துக்காகக் குடியை விட்டிருந்தார். விட்டாரா என்பதில் அத்தைக்குச் சந்தேகம்.

“பின்னாடியே போ. வாய மோந்து பாத்துட்டு வந்து சொல்லு. சம்பந்தி கூட நடக்கறாரு, மானம் போய்டும்.”

சம்பந்தி என்று இன்னும் சொல்லக்கூடாதுதான். அவர் மாமா மகளைத் தன் பையனுக்குக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். மலையிலிருந்து திரும்பியதும் நிச்சயம் என்று பேச்சு. நல்ல கலகலப்பான ஆள். ஆனால் வாய் சிரிக்கும்போதும் கண் எல்லாரையும் எடை போட்டுக்கொண்டிருந்தது. அவரையும் நான் நம்பவில்லை.

மஞ்சள் துணி, ஆளுக்கு ஆள் ‘சாமி’ என்ற அழைப்பு, யார் காலிலும் செருப்பு கிடையாது. கூட்டத்தில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். வருஷம் முழுக்க ஊரான் காலுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பெருமாளிடம் வெறுங்காலோடு போவோம். மூட்டை முடிச்சு மட்டும் குட்டியானை வண்டியில் சொகுசாக வரும்.

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் மாமா பின்தங்க ஆரம்பித்தார். கூட்டம் ஒரு வளைவில் மறைந்ததும், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பையோடு ஒரு புதருக்குப் பின்னால் போனார். வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. பூனை மாதிரி போய் எட்டிப் பார்த்தேன்.

பையிலிருந்து பாட்டில் வரவில்லை, பழைய துணிதான் வந்தது. உள்ளங்காலைத் திருப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தம். வேலிக்காத்தான் முள் ஒன்று பாதி ஒடிந்து உள்ளே நின்றது.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பிறகு, “வா, இத்த எடுத்துடு. எனுக்கு சரியாத் தெரில,” என்றார். என் பாவாடையில் குத்தியிருந்த ஊக்கால் நெம்பி எடுத்தேன். எனக்குத்தான் பல் கூசியது. மாமாவோ சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்ச்சா?” என்று கேட்டார்.

“வந்துட்ச்சு மாமா.”

வந்த காரியத்தை மறக்காமல் கிட்டப் போய் வாயையும் மோந்து பார்த்தேன். புளிச்சோற்று வாசனை, வேறு ஒன்றுமில்லை. ஏமாற்றமாக இருந்தது.

மதியம் ஒரு புளியந்தோப்பில் ஒதுங்கினோம். நடைக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வரிசையாகக் கால் நீட்டி உட்காருவார்கள். ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்து முள் எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி விடுவார்கள். அடியார் காலைத் தொடுவது புண்ணியம் என்பதால் அதற்குப் போட்டியே நடக்கும்.

சம்பந்தி எண்ணெயோடு நேரே மாமாவிடம் வந்தார். “காலக் காட்டுங்க சாமி. இன்னிக்கு உங்குளுது எனுக்கு.”

மாமா எழுந்து பின்னால் நகர்ந்தார். “வேணாம் சாமி. என்னத் தொடாதீங்க. வழில கொஞ்சம் போட்டுட்டேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார்கள். விரதம் கெட்டவனை யாரும் தொடமாட்டார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் உத்தியோகத்துக்கே இழுக்கு.

“பொய் அத்த! நான் மோந்து பாத்தேன், புளிசோறுதான்!”

“சின்னக் கழுத, வாய மூடு. உனுக்கு இன்னா தெரியும்?” என்றார் மாமா. அதுவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவர். எனக்கு அழுகை வந்தது.

மாமாவைக் குட்டியானையில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சம்பந்திதான் அத்தையைத் தேற்றினார். “உடும்மா. ஆம்பள, சபலம். இதெல்லாம் ஒரு கொறையா?” என்று சிரித்தார். தை மாதம் கல்யாணமும் நடந்தது.

திட்டிலிருந்து தப்பிக்கத்தான் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். திட்டு வாங்குவதற்காகவும் ஒருவர் பொய் சொல்வாரா? மிச்ச வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். கடைசியில், நான் மோப்பம் பிடிக்காத வேறு சரக்கு ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

சில வருஷம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு மாமாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சர்க்கரை என்றார்கள். வெறும் சர்க்கரை. கால் மரத்துப்போனால் அது பெருநோய்தான், குஷ்டம்தான் என்று பயந்து, மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று யாரிடமும் காட்டாமலே காலம் கடத்தியிருக்கிறார். குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள், நோயாளி வீட்டில் எடுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்குப் புதருக்குப் பின்னால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பையை, துணியை, அவர் மூச்சைக்கூட. தன் காலிலிருந்து முள் வந்துவிட்டதா என்று ஒரு மனிதர் என்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.