சமையல் அலமாரியில ஒரு கொலைகாரன்

போன ஞாயித்துக்கிழமை மதியம் லைப்ரரியில ஒரு அண்ணன் என் கையைப் பிடிச்சுகிட்டுக் கேட்டாரு — "தம்பி, கொலைகாரனை எங்க வச்சே?"

லைப்ரரியில சத்தம் போடக்கூடாது இல்லையா? அவரு சத்தம் போடல. ஆனா பிடிச்ச கையை விடவும் இல்ல. கன்ஸ்ட்ரக்‌ஷன்ல கம்பி கட்டுற கை. நல்ல பிடி.

இருங்க, பயந்துடாதீங்க. நான் ஒண்ணும் போலீஸ்ல சேரல. என்னை எவன் சேர்ப்பான்? பாலிடெக்னிக்கைப் பாதியில விட்ட கதையை உங்களுக்கு வாராவாரம் சொல்லி எனக்கே போரடிச்சுப் போச்சு. இப்போ பார்க்குற வேலை — ஃபேரர் பார்க் பக்கத்துல ஒரு லைப்ரரியில ரோபோவுக்கு ஆயா.

நெஜமாத்தான் லா. ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். ஒவ்வொரு புக்குலயும் ஒரு சின்ன சிப் இருக்கும். மெஷின் அலமாரி அலமாரியா மெதுவா நகர்ந்து, எந்த புக்கு எடம் மாறி உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும். அது முட்டிக்காம, கவுந்துடாம, சார்ஜ் தீராம பார்த்துக்குறது என் பொறுப்பு.

நான் அதுக்கு வச்ச பேரு மாப்ள. ஏன்னு கேளுங்க. பளபளன்னு வந்து நிக்கும், வாயைத் தொறக்காது, எல்லாரும் ஒதுங்கி வழி விடணும், நேரா நேரத்துக்குத் தீனி போடணும். ஆனா குறை மட்டும் கரெக்டா கண்டுபிடிக்கும்!

மாப்ள தமிழ் செக்‌ஷன்ல கண்டுபிடிச்ச குறை கொஞ்ச நஞ்சம் இல்ல. சமையல் புக்குக்குப் பின்னாடி மர்ம நாவல். தோட்டக்கலைக்குப் பின்னாடி சரித்திர நாவல். சர்க்கரை வியாதிக்குப் பின்னாடி ஜோக் புக்கு. மாப்ள வாராவாரம் காட்டும், யாரும் எடுத்து வைக்க மாட்டாங்க.

இதுக்காக ஒரு மீட்டிங் போட்டாங்க. மூணே பேர். அதுல ரெண்டு பேரு ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்க.

"தம்பி, அந்த மேடம்கிட்ட கேளு... புக்கை எடம் பார்த்து வைக்கவே மாட்டாங்களான்னு." இது ஜாஃபர் பாய். ஐடி பக்கம் எல்லாத்துக்கும் அவருதான் தலை. மாப்ளையை இங்க கொண்டாந்ததே அவருதான். தெம்பனிஸ்ல இருந்து வர்றவரு, சட்டையில ஒரு சுருக்கம் பார்க்க முடியாது.

"டேய், அந்த சார்கிட்ட சொல்லு... அதெல்லாம் அங்கதான் இருக்கும்னு." இது ஸ்டெல்லா அக்கா. தமிழ் செக்‌ஷன் லைப்ரரியன். வீடு ஆங் மோ கியோவுல. ஞாயித்துக்கிழமை காலையில சர்ச், மதியம் டியூட்டி.

"ஏன்னு கேளு."

"அவருக்குப் புரியாதுன்னு சொல்லு."

ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்ளோ தூரம் தெரியுமா? கை நீட்டினா ஒருத்தர் மூக்கை இன்னொருத்தர் கிள்ளலாம். ஆனா சேதி மட்டும் என் வழியாத்தான் போகும். சம்பளம் ரோபோ மேய்க்க. போஸ்ட்மேன் வேலை ஃப்ரீ.

உங்க ஆபீஸ்லயும் இப்படித்தானே? ஒரு பக்கம், "அவங்களுக்குப் புரியாது." இன்னொரு பக்கம், "அவங்க சொல்லவே இல்லையே." நடுவுல என்னை மாதிரி ஒரு அப்பாவி...

சரி, அப்பாவின்னு சொன்னது கொஞ்சம் ஓவர்தான்.

மீட்டிங் முடிஞ்சு ஃபுட் கோர்ட்டுக்குப் போனோம். ஜாஃபர் பாய் வழக்கம்போல டிஷ்யூ பாக்கெட்டை ஒரு மேசையில வச்சுட்டு பிரியாணி வாங்கப் போயிட்டாரு. டிஷ்யூ இருந்தா அந்த மேசைக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம். நம்ம ஊர்ல அது பத்திரப் பதிவு மாதிரி. எவ்ளோ கூட்டம் இருந்தாலும் எவனும் தொட மாட்டான்.

சாப்பிடும்போது சொன்னாரு, "தம்பி, மாசக் கடைசியில லைப்ரரிக்கே தலையான பெரிய மேடம் ரிப்போர்ட் பார்ப்பாங்க. இதே நிலைமைன்னா மாப்ளையைப் பேக் பண்ணி கம்பெனிக்கே அனுப்பிடுவாங்க."

மாப்ள போனா மாப்ளத் தோழனுக்கு அங்க என்ன வேலை? என் கான்ட்ராக்டும் அதோட காலி.

அலமாக், போச்சுடா! யோசிச்சேன். எனக்கு யோசனை வந்தாலே ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஸ்டெல்லா அக்காவுக்கு லீவு. நான் மாப்ளையைக் கூட்டிகிட்டு தமிழ் செக்‌ஷனுக்குப் போனேன். அது காட்டக் காட்ட, ஒளிஞ்சிருந்த அத்தனை புக்கையும் எடுத்து அதது எடத்துல அடுக்கிட்டேன். ஸ்க்ரீன் முழுக்கப் பச்சை. போட்டோ எடுத்து ஜாஃபர் பாய்க்கு அனுப்பினேன். கட்டை விரல் காட்டினாரு. ரெண்டு கட்டை விரல்!

ஞாயித்துக்கிழமை வந்துச்சு.

லிட்டில் இந்தியாவுல ஞாயித்துக்கிழமை எப்படின்னு நான் சொல்லணுமா? ஊர்ல இருந்து வேலைக்கு வந்து டார்ம்ல தங்கியிருக்குற தம்பிங்க, அண்ணனுங்க எல்லாருக்கும் ஆஃப் டே. காய்கறி வாங்குவாங்க, வீட்டுக்குப் பணம் அனுப்புவாங்க, புல்தரையில உட்கார்ந்து கதை பேசுவாங்க. அதுல கொஞ்ச பேரு எங்க லைப்ரரிக்கு வருவாங்க.

வந்தவங்க யாரும் நாவல் பக்கம் போகல. ஒருத்தரு நேரா சர்க்கரை வியாதிக்குப் போனாரு. ஒருத்தரு தோட்டக்கலைக்கு. புக்கு வரிசைக்குப் பின்னாடி கையை விட்டுத் தடவுறாங்க... வெறுங்கையா வெளிய எடுக்குறாங்க. கோயில் வாசல்ல செருப்பைத் தொலைச்சவங்க மாதிரி ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்க்குறாங்க.

அப்போதான் சமையல் அலமாரியில இருந்து அந்த அண்ணன் வந்து என் கையைப் பிடிச்சாரு. பேரு முருகேசன்.

"குண்டா ஒரு நாவல் தம்பி. எஸ்டேட் பங்களாவுல கொலை. ஞாயித்துக்கு ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமா படிச்சு முக்கால்வாசி முடிச்சுட்டேன். யாரும் எடுத்துடக் கூடாதுன்னு இட்லி தோசைக்குப் பின்னாடி வச்சுட்டுப் போவேன்."

"கார்டு இருக்குல்லண்ணே? எடுத்துட்டுப் போய் படிக்க வேண்டியதுதானே?"

"ரூமுக்குக் கொண்டுபோனா மொத ஆளா படிக்கிறது நானா இருக்காது. எவனாவது காப்பியைக் கொட்டுவான். ஒருத்தன் முடிவைப் படிச்சுட்டு வந்து சத்தமா சொல்லுவான்."

"சரி விடுங்க, நாவல் அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன், வாங்க."

போய்ப் பார்த்தா, இல்ல. நேத்து சாயந்தரமே யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. முறையா, கார்டு தட்டி.

முருகேசண்ணன் மூஞ்சி விழுந்துடுச்சு. "புதன்கிழமை ஊருக்குப் போறேன் தம்பி. வேலை பெர்மிட் முடிஞ்சுது. ஒரேயடியா போறேன். இதான் கடைசி ஞாயிறு. கொலைகாரன் யாருன்னு தெரியாமலே ஃப்ளைட் ஏறச் சொல்றியா?"

நான் மறுபடி ஒரு தடவை அந்த அலமாரியைத் தடவிப் பார்த்தேன்.

பின்னாடி ஸ்டெல்லா அக்கா நின்னாங்க. சர்ச்சுல இருந்து வந்த சேலையோட. அலமாரியில இருந்த காலி எடத்தைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "உன்னை யாருடா அடுக்கச் சொன்னது?"

நான் என்ன செய்வேன்? ஜாஃபர் பாய்க்கு போன் போட்டேன். நல்லவேளை, பக்கத்துல தேக்கா மார்க்கெட்டுலதான் காய்கறி வாங்கிட்டு இருந்தாரு. பையில இருந்து முருங்கைக்காய் நீட்டிகிட்டிருக்க, வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. விஷயத்தைச் சொன்னேன்.

மொத தடவையா நான் இல்லாம பேசிக்கிட்டாங்க. சரி, சண்டைதான். ஆனாலும் நேரா!

"மேடம், அப்போ வேணும்னே ஒளிச்சு வச்சீங்களா?"

"நான் ஒளிக்கல சார். அவங்க ஒளிச்சதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா? நீங்க மெஷின்கிட்டதானே கேட்டீங்க?"

ஜாஃபர் பாய் முருங்கைக்காயோட சேர்த்துப் பையைத் தூக்கிட்டாரு. "ஒரு அம்மா இதே நாவலைக் கேட்டு நடையா நடந்திருக்காங்க. சிஸ்டம் 'இருக்கு'ன்னு காட்டுது. அலமாரியில இல்ல. கம்ப்ளைண்ட் எங்களுக்குத்தான் வந்துச்சு. அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

ஸ்டெல்லா அக்கா குரல் இறங்கிடுச்சு. "தேடிகிட்டு இருக்கோம்னு..."

"எங்க இருக்குன்னு தெரிஞ்சேவா?"

"...ம்."

"சர்ச்சுல இருந்து நேரா வந்து பொய்யாக்கா?"ன்னு நான் கேட்டேன். கையில இருந்த பென்சிலால மண்டையில ஒரு தட்டு. வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் அக்கா ஒண்ணு கேட்டாங்க பாருங்க. "சார், ஃபுட் கோர்ட்ல நீங்க டிஷ்யூ வச்ச மேசையை ஒருத்தன் துடைச்சு, டிஷ்யூவைக் குப்பையில போட்டுட்டு, வேற ஆளை உட்கார வச்சா என்ன செய்வீங்க?"

"கொன்னுடுவேன்."

"அதைத்தான் இவன் செஞ்சிருக்கான்."

ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பி என்னைப் பார்த்தாங்க. இந்த லைப்ரரியில ரெண்டு டிபார்ட்மெண்ட்டும் ஒத்துப்போன மொத விஷயம் அதுதான்.

ஜாஃபர் பாய் பையைக் கீழ வச்சாரு. அலமாரியைப் பார்த்தாரு. "ஓ... எடம் பிடிச்சு வச்சிருக்காங்க"ன்னு மெதுவா சொன்னாரு. அதுக்கப்புறம் பேச்சே மாறிப் போச்சு.

"யார் எடுத்தாங்கன்னு சிஸ்டத்துல தெரியும். ஆனா பேரை வெளிய சொல்லக்கூடாது."

"சொல்ல வேணாம். சேதி அனுப்ப முடியுமா?"

"முடியும். 'இப்புத்தகம் மற்றொருவருக்குத் தேவைப்படுகிறது. விரைவில் திருப்பவும்.' இதுதான் போகும்."

"வரி கட்டச் சொல்ற மாதிரி இருக்கு. இதைப் பார்த்துட்டு யாரு வருவா? நகருங்க."

அக்கா எழுத ஆரம்பிச்சாங்க. பக்கத்துல நாற்காலியைப் போட்டு பாய் உட்கார்ந்தாரு.

"இவ்ளோ நீளம் ஒரு மெசேஜ்ல போகாதுக்கா."

அக்கா! கேட்டீங்களா? மேடம் காணாமப் போயிட்டாங்க.

"'அன்புள்ள'வை எடுத்துடலாமா?"

"அதை எடுத்தா நீயும் எழுந்து போ தம்பி." இப்போ சாரும் தம்பி ஆயிட்டாரு.

"'தயவுசெய்து'?"

"சரி, எடு. கொலைகாரனைத் தொடாத."

கடைசியில போன சேதி இதுதான்: "அன்புள்ள வாசகருக்கு, நீங்க எடுத்த நாவலை முக்கால்வாசி படிச்ச ஒருத்தர் புதன்கிழமை ஊருக்கே போறார். கொலைகாரன் யாருன்னு தெரியணுமாம். இன்னைக்குக் கொண்டுவர முடியுமா?"

அனுப்பியாச்சு. பதில் இல்ல.

முருகேசண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தாரு. "வேற புக்கு தரட்டாண்ணே?"ன்னு கேட்டேன். "பாதிச் சாப்பாட்டுல இலையை எடுத்துட்டு, டிபன் வேணுமான்னு கேக்குறியே தம்பி"ன்னாரு. நான் போய் மாப்ளைக்குச் சார்ஜ் போட்டேன். ஜாஃபர் பாய் வீட்டுல இருந்து போன் மேல போன். காய்கறி இன்னும் வரலையாம். கட் பண்ணி கட் பண்ணி வச்சாரு.

பொழுது சாஞ்சப்புறம் ஒரு அம்மா கதவைத் தள்ளிகிட்டு உள்ள வந்தாங்க. செங்காங்ல இருந்து. கையில நாவல்.

"யாரு அந்த ஊருக்குப் போறவரு?"

முருகேசண்ணன் ஸ்கூல் பையன் மாதிரி எழுந்து நின்னாரு.

"இந்தாங்க. ஆனா ஒரு கண்டிஷன். நடையா நடந்து நேத்துதான் கிடைச்சுது, நான் பாதிதான் படிச்சிருக்கேன். நீங்க முடிச்சதும் சிரிக்கக் கூடாது, 'ச்சே' சொல்லக் கூடாது, மூஞ்சை அப்படியே வச்சுக்கணும். புரியுதா?"

"சரிங்கக்கா."

அவரு படிச்சாரு. அந்த அம்மா எதிர்ல உட்கார்ந்து அவரு மூஞ்சையே காவல் காத்தாங்க. ஸ்டெல்லா அக்கா கவுண்டர்ல இருந்து எட்டி எட்டிப் பார்த்தாங்க. ஜாஃபர் பாய் மாப்ளையைச் செக் பண்ற மாதிரி அங்கயே சுத்தினாரு.

கடைசிப் பக்கம். மூடினாரு. மூஞ்சி கல்லு மாதிரி. புக்கை ரெண்டு கையாலயும் அந்த அம்மாகிட்ட கொடுத்தாரு. எழுந்தாரு. நேரா டாய்லெட்டுக்குப் போயிட்டாரு.

உள்ள இருந்து ஒரே சிரிப்பு. சுவரெல்லாம் எதிரொலிக்குது. அந்த அம்மா ரெண்டு காதையும் பொத்திகிட்டு வெளிய ஓடிட்டாங்க!

மறுநாள் காலையில வந்து பார்த்தா, கவுண்டர் பக்கத்துல புதுசா ஒரு அலமாரி. மேல ஸ்டெல்லா அக்கா கையெழுத்துல — "பாதியில நிக்குது". முடிக்காத புக்கை இனிமே அங்க வைக்கலாம். அதுவும் ஒரு முறையான எடம்னு ஜாஃபர் பாய் மாப்ளைக்குச் சொல்லிக் கொடுத்துட்டாரு. தேடுறவங்களுக்கு சிஸ்டம் உண்மையைச் சொல்லும் — 'ஒருத்தர் படிச்சுகிட்டு இருக்கார்'னு. ரெண்டு ஞாயிறு ஆள் வரலேன்னா புக்கு பழைய எடத்துக்குப் போயிடும். அது ஒரு ஞாயிறா, மூணு ஞாயிறான்னு ரெண்டு பேரும் அரை மணி நேரம் கத்திகிட்டாங்க. நேராத்தான்.

மாப்ள அந்த அலமாரிகிட்ட போய் நின்னுச்சு. யோசிச்சுச்சு. பச்சை லைட்டு போட்டுச்சு.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரிஞ்சுது. சேர்ந்து வேலை செய்யுங்கன்னு மீட்டிங் போட்டா யாரும் சேர மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆள் காத்துகிட்டு இருக்கணும். முருகேசண்ணன் மாதிரி.

அவரு புதன்கிழமை ஏறிட்டாரு. அன்னைக்கு ஞாயிறு கிளம்பும்போது என் காதுல குனிஞ்சு ஒரு பேரைச் சொல்லிட்டுப் போனாரு. அந்த நாவலுக்கு இப்போ வரிசை. செங்காங் அம்மா முடிச்சதும் ஜாஃபர் பாய், அவருக்கு அப்புறம் ஸ்டெல்லா அக்கா. ரெண்டு பேருக்கும் பொறுமை இல்ல. பேன்ட்ரியில வச்சு மாத்தி மாத்தி என்னை மடக்குறாங்க. "டேய், யாருடா அவன்?"

சொல்லலாம்தான். என் கான்ட்ராக்ட்டை நீட்டிச்சுக் கையெழுத்துப் போடட்டும், மறு நிமிஷம் சொல்றேன்.