தேன்சிட்டின் கூட்டில் பாலியஸ்டர் நூல்

செய்தி வந்தபோது பனியன் கம்பெனிப் படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பறவைக் கழகச் செயலாளர் பழனியம்மாள் டீச்சர் போனில், "கண்ணு, டெக்லன் ஐயா காலையில தவறிட்டாரு. அயர்லாந்துல, அவங்க அக்கா ஊட்டுல" என்றார். நான் பேசத் தயங்குபவள் என்று டீச்சருக்குத் தெரியும். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

பறவைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர், திருப்பூரில் தங்கி நம் சிறுபறவை ஆய்வுக் கழகத்தைத் தொடங்கியவர் என்று அவரை நீங்கள் அறிவீர்கள். எனக்கு அவர் குருவிக்கும் மரியாதை கொடுத்துப் பேசியவர். எங்கள் படிக்கட்டுக்கு மேலே கேபிள் ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அதைப் பார்க்க வந்தவர், "அம்மிணி வெளிய போயிருக்காங்க, வரட்டுமுங்க" என்றார். முதலாளியம்மாவைச் சொல்கிறார் என்று நினைத்து, சூப்பர்வைசர் அவரை ஆபீஸ் அறையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

அன்று அவருடைய புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பை எனக்குப் படிக்கக் கொடுத்தார். இந்த ஊர்த் தேன்சிட்டுகள் கூட்டுக்குள் தோட்டத்துப் பருத்தியை வைக்கின்றன என்று அதில் இருந்தது. நான் செக்கிங்கில் இருப்பவள். நாள் முழுக்க நூலைத்தான் பார்க்கிறேன். பனியனில் பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். வாயால் சொல்லத் தைரியமில்லாமல், அந்த வரியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரே அழைத்தார். நம் விதி உங்களுக்குத் தெரியும்: கண்ணால் கண்ட ஒன்றைச் சபையில் சொல்லி, கேள்விகளுக்கும் பதில் சொன்னால்தான் உறுப்பினர். எனக்கு அந்த ஆசை இருந்தது. எழுந்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், "எந்தக் காலேஜு கண்ணு?" என்றார்.

"ஒம்பதாவதோட நின்னுட்டேனுங்க."

"அப்பறம் ஆராய்ச்சின்னா எப்படிங்க?"

டெக்லன் ஐயா திரும்பினார். "எனக்கும் பறவைப் படிப்புல பட்டம் இல்லீங்க. நானும் கெளம்பட்டுமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடைவெளியில், குஞ்சுகள் பறந்தபின் கீழே விழுந்த கூட்டைப் பையிலிருந்து எடுத்தேன். உள்ளிருந்த நூலைத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. "பாலியஸ்டருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கேள்விகள் வந்தன, நான் எழவே இல்லை.

ஐயா கைதட்டினார். ஆனால் விதியை வளைக்கவில்லை. "கட்டுரை ஆச்சுங்க. கேள்வி பாக்கி இருக்குதுங்க" என்று பதிவேட்டில் என் பெயருக்கு நேராகப் 'பாதி' என்று எழுதினார்.

மறுவாரம் கம்பெனி வாசலில் நின்று அம்பு ஸ்டிக்கர் கேட்டார். மீதமிருந்த பிரதிகள் அத்தனையிலும் அந்த வரியில் ஒட்டி, பக்கத்தில் என் பெயரை எழுதினார். பேராசிரியரும் கூட உட்கார்ந்து ஒட்டினார். "தப்பைக் கண்டவங்க பேரைப் போடாம திருத்தக் கூடாதுங்க" என்பது ஐயாவின் பேச்சு.

ஊருக்குப் புறப்படும் முன் கேட்டார்: "சித்திரை வெயில்ல அந்த நூலுக்குள்ள குஞ்சு பிழைக்குதுங்களா?" தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாதுங்க. நல்லதாப் போச்சு" என்றார்.

இந்தக் கோடை முழுக்க டீ நேரங்களில் கூடுகளைப் பார்த்துக் குறித்திருக்கிறேன். சிலவற்றில் குஞ்சுகள் பறந்தன, சிலவற்றில் இல்லை. குறிப்புகளை அவருக்கு அனுப்ப இருந்தேன். கழகப் பட்டியலில் வரும் ஞாயிறு அவர் வாசிக்க வேண்டிய முறை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். வாசித்து முடித்தபின் உட்கார மாட்டேன். நீங்கள் கேள்வி கேளுங்கள்.