நாலரை மணிக்கு வந்த ஒரே ரசிகர்

1. நாற்காலிகளுக்கு ஏர்கோன்

மலாக்காவை அடுத்த டுரியான் துங்காலில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே பதினெட்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். மேற்பார்வையாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்காலி அடுக்குவது, மைக் சோதிப்பது, கழிவறைச் சாவியைத் தொலைப்பது, தொலைத்ததைத் தேடுவது எல்லாம் நான்தான். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "அங்கிள், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். மைக்கும் விளக்கும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எனவே நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் பட்ட அடி அவர்களுக்கு வேண்டாம்.

முதல் நாள் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. நோட்டீஸில் மாலை ஆறு மணி என்று இருந்தது. நான் ஐந்தரைக்கே ஏர்கோனைப் போட்டு மண்டபத்தைக் குளிரவைத்து, நூற்றைம்பது நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக வைத்து, டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆறு மணிக்கு மண்டபத்தில் நானும் ஒரு மிருதங்கமும் இருந்தோம். மிருதங்கக்காரர் எதிர்க் கடையில் தே தாரிக் என்னும் நுரைத்த தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்கு மண்டபத்தின் முதலாளி, எங்கள் தவுக்கே, வந்தார். சீனர்தான், ஆனால் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் வளர்ந்தவர். நம் தமிழில் இருக்கும் கிண்டலும் சேர்த்தே கற்றுக்கொண்டவர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன்யா, யாருக்கு ஏர்கோன் போட்டு வச்சிருக்க? நாற்காலிக்கு வேர்க்குதா?"

"ஆறு மணின்னு போட்டிருக்கே தவுக்கே."

"போட்டிருந்தா? உங்க ஆளுங்களுக்கு ஆறுன்னா ஏழேகால் லா! எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

பாடகி ஏழு மணிக்கு வந்தார். கூட்டம் ஏழேகாலுக்கு வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் யாரும் என்னை இப்படிக் கேட்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த முடிவுதான் காரணம்.

2. கழித்தல் கணக்கு

ஒவ்வொரு மாதமும் ஒரு தாள் தயாரிப்பேன். மேலே 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே எங்கள் மண்டபம், பல்கலைக்கழக வளாகத்து அரங்கு, கோயில் மண்டபம் மூன்றிலும் நடக்கப்போகும் கச்சேரி, நாடகம், நாட்டியம் எல்லாவற்றின் பட்டியல். முதல் மாதம் கடையில் மஞ்சள் தாள்தான் மிச்சம் இருந்தது. அதிலிருந்து அது 'மஞ்சத் தாளு' ஆகிவிட்டது. முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை, மாணவர்கள் நிற்கும் பேருந்து நிறுத்தம் எல்லா இடத்திலும் ஒட்டுவேன். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் மணியம் அண்ணன் பத்துத் தாள் வாங்கிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நியாலாஸ் வரைக்கும் ஒட்டிவிட்டு வருவார்.

கூட்டம் தாமதமாகத்தான் வரும் என்றால், தாளில் நேரத்தை முன்னால் தள்ளிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? இதுதான் என் கண்டுபிடிப்பு. ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தேன். பரதநாட்டியத்துக்கு ஒரு மணி நேரம் கழி. தலை பின்னி முடிக்கவே அவ்வளவு ஆகும். பாட்டுக் கச்சேரிக்கு முக்கால் மணி. தமிழ் நாடகத்துக்கு ஒரு மணி. மலாய் மாணவர்களின் நாடகம் என்றால் அந்தி நேர மக்ரிப் தொழுகை முடிந்து இத்தனை மணிக்கு என்று அவர்களே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். அதில் கை வைக்கக் கூடாது. சீனர் முரசுக் குழுவுக்கும் கழிக்கக் கூடாது. ஒருமுறை பழக்கதோஷத்தில் கழித்துவிட்டேன். தாளில் இருந்த நேரத்துக்கு எண்பது பேர் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று, கையிலிருந்த மஞ்சள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இந்த நோட்டை யாரிடமும் காட்டவில்லை. தொழில் ரகசியம் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. என்னிடம் நேரம் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே கழித்துவிட்டுத்தான் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

3. நாலரை மணி ஆள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். வளாகத்துத் தமிழ் மாணவர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் போட வந்தார்கள். எழுதி, இயக்கி, முக்கிய வேடத்திலும் நடித்தவள் தர்ஷினி என்ற பிள்ளை. எதற்கும் சட்டென்று பதில் வைத்திருப்பாள். ஐந்தரை மணிக்கு ஆரம்பம் என்று சொன்னாள். நான் வழக்கம்போல் ஒரு மணி கழித்து, மஞ்சள் தாளில் நாலரை என்று போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நாலேகாலுக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். செம்பனை ஆலைச் சீருடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

"தம்பி, நாடகம் இங்கதானே? நாலரைக்கு?"

"இங்கதாண்ணே. ஆனா..."

"நடிக்கிறது என் மக தர்ஷினி. அவ ஆறு மணின்னு சொன்னா. எனக்கு ஏழு மணிக்கு நியாலாஸ் மில்லுல ஷிப்ட்டு. மாத்திக்க ஆளு கெடைக்கல. சரி, நமக்குக் குடுத்து வைக்கலைன்னு விட்டுட்டேன். அப்பறம் பாத்தா முடிவெட்டுற கடையில இந்தத் தாளு."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் தாளை எடுத்துப் பிரித்தார். நாலரை என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"பிள்ளைங்க மாத்திச் சொல்லும். அச்சடிச்சது மாறுமா? அவகிட்ட சொல்லாம வந்துட்டேன். அஞ்சே முக்காலுக்குக் கெளம்பினா போதும், மோட்டர்ல ஒரு மணி நேரந்தான். அவ மேடையில நின்னு நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல தம்பி."

என் தாளை வேதவாக்காக நம்பி நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறார். நான் போட்ட பொய்தான் அவருக்கு ஆசை காட்டி இழுத்து வந்திருக்கிறது. அவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். தர்ஷினி ஆண் வேடத்துக்குப் பாதி ஒட்டிய மீசையுடன் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவா? ஐயோ! யாரு அங்கிள் நாலரைன்னு போட்டது?"

"நான்தான்."

"நான் அஞ்சரைன்னுதானே குடுத்தேன்?"

"நீ மட்டும் ஒழுங்கா? அப்பாகிட்ட ஆறுன்னு சொல்லிருக்க, என்கிட்ட அஞ்சரைன்னு சொல்லிருக்க."

"அது சேஃப்டிக்கு அங்கிள்!"

"நானும் சேஃப்டிக்குத்தாம்மா!"

ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். முறைக்க நேரமில்லை. நாடகம் ஐம்பது நிமிடம். அப்பா ஐந்தே முக்காலுக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்து வழக்கமோ வேறு. சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்.பி., வந்து குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை வாங்கி, இரண்டு வார்த்தை என்று தொடங்கி இருபது நிமிடம் பேசிய பிறகுதான் திரை விலக வேண்டும். அவருக்கு ஆறு மணி என்று சொல்லியிருந்தார்கள். அவர் வருவதற்கு முன் நான் ஒரு நாளும் எதையும் ஆரம்பித்ததில்லை.

"இப்பவே போட்டுருவோம்" என்றேன்.

"மானேஜர் வேஷம் போடுற பையன் இன்னும் மலாக்காவுல ஜாம்ல மாட்டிட்டு இருக்கான் அங்கிள்."

"அவனுக்கு எத்தன வசனம்?"

"மூணு. ஆபீஸ் மேஜைக்குப் பின்னால உக்காந்துகிட்டு, 'இன்னைக்கு முடியாது', 'ஃபாரம் இல்ல', 'அடுத்த வாரம் வா'."

பதினேழு வருடமாக மண்டப அலுவலகத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்த வசனங்கள். ஒத்திகையே தேவைப்படவில்லை.

மேடையேறும் முன் ஒரு காரியம் செய்தேன். சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால் ஆகியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை நாலரைக்குத் தள்ளி வைத்தேன். அப்பாவின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

நாடகம் இதுதான். ஆலைத் தொழிலாளி ஒருவர் விரிசல் விட்ட பாதுகாப்பு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, புதியது கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். யாரும் கொடுப்பதில்லை. தொழிலாளி வேடத்தில் தர்ஷினி. தோளில் துண்டும் வாயில் முணுமுணுப்புமாக அவள் நடந்து வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய நடை. அவருடைய முணுமுணுப்பு. அவர் வீட்டில் சோறு தின்னும்போது புலம்பிய புலம்பலை எல்லாம் இந்தப் பிள்ளை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள்.

ரசிகர்கள் மொத்தம் நாலு பேர். அப்பா, இடைவேளைக்கு மீகூன் சேமியா பொரிக்க வந்த இரண்டு அம்மாக்கள், கூட்டிப் பெருக்கும் மலாய்க்கார அம்மா மாச்சிக். அப்பா நாற்பது பேருக்குச் சிரித்தார். நான் 'அடுத்த வாரம் வா' என்றபோது, "இதேதான்! இப்படியேதான் சொன்னான்!" என்று எழுந்து என்னைக் கை நீட்டிக் காட்டினார். நடுவில் தவுக்கே வந்து, ஏர்கோன் ஓடுவதைப் பார்த்து, வாயைத் திறந்தார். மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் தர்ஷினி மீசையுடன் ஓடி வந்து அப்பா முன்னால் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"இது என்னோடதுதானே?"

"ஆமாப்பா. போன மாசம் வந்தப்ப எடுத்துட்டு வந்துட்டேன். சாரிப்பா."

"அடிப்பாவி! வீடு பூரா தேடுனேன்." சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "ரெண்டு வருஷமா ஒடஞ்சி போச்சுன்னு கேட்டேன், குடுக்கல. தொலஞ்சி போச்சுன்னு சொன்னேன், மறுநாளே புதுசு குடுத்துட்டான்!"

மாச்சிக்குக்குத் தமிழ் தெரியாது. அவர்கூடச் சிரித்தார். தர்ஷினி அழுதுகொண்டே சிரித்ததில் மீசை பாதி கன்னத்துக்கு வந்துவிட்டது.

புறப்படும்போது அவர் என்னிடம் வந்தார். "எனக்காகவா தம்பி முன்னாலயே ஆரம்பிச்சீங்க?"

"இல்லண்ணே. தாள்ல நாலரைன்னு போட்டிருந்துச்சில்ல. நாலரைக்கு ஆரம்பிச்சோம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிதான்" என்று என் தோளைத் தட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

ஆறேகாலுக்கு ஒய்.பி. வந்தார். விளக்கு ஏற்றினார், இருபது நிமிடம் பேசினார். மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு நாடகம் இரண்டாம் முறை நடந்தது. ஜாமிலிருந்து தப்பி வந்த பையனே மானேஜராக நடித்தான். சுமார்தான். முடிவில் மட்டும் தர்ஷினி மாற்றம் செய்திருந்தாள். தொழிலாளி கடைசி அலுவலகத்தில், 'தொலஞ்சி போச்சுங்க' என்கிறார். உடனே புது ஹெல்மெட் வருகிறது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதிகம் சிரித்தது ஒய்.பி.தான். அந்த முடிவை எழுதியவர் அந்நேரம் நியாலாஸ் மில்லில் ஷிப்ட்டில் நின்றுகொண்டிருந்தார் என்பது எங்கள் சிலருக்கு மட்டுமே தெரியும்.

4. கடைசியாக

அடுத்த மாதத்திலிருந்து கழித்தல் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நேரம் சொல்ல வருபவர்களிடம், "எத்தன மணிக்குன்னு சொல்லாதீங்க, தெர எப்ப வெலகும்னு சொல்லுங்க" என்று கேட்டு, அதையே அச்சடித்தேன். அந்த நேரத்துக்கே விளக்கையும் ஏற்றினேன். முதல் இரண்டு மாதம் ஒரே ரகளை. ஒரு நாட்டிய ஆசிரியை போன் போட்டு, "எங்க மாமியார் வந்து உக்கார்றதுக்குள்ள அரங்கேற்றத்துல பாதி முடிஞ்சிருச்சு, நீங்க என்ன மனுசன்?" என்று கேட்டார். ஒரு ஒய்.பி. தாமதமாக வந்து, அணைந்துபோன விளக்கை மறுபடி ஏற்றிவிட்டுப் போனார். தவுக்கே மட்டும், "இப்பத்தான் ஏர்கோன் மனுசங்களுக்கு ஓடுது" என்றார். பிறகு கூட்டம் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. முழுதாகப் பழகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

எனக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நூறு பேர் தாமதமாக வருவார்கள் என்று கணக்குப் போட்டு நேரம் எழுதாதீர்கள். அந்தத் தாளை அப்படியே நம்புகிற ஒரு ஆள் எங்கோ இருக்கிறார். மஞ்சள் தாளை இன்றும் வீட்டிலிருந்து நான்தான் டைப் செய்து அனுப்புகிறேன். நேரத்தை அடித்து முடித்ததும் ஒரு நிமிடம் விரலை எடுத்துவிட்டு யோசிப்பேன். இதைப் பார்த்து, வட்டம் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நியாலாஸில் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போகிறார்.