பூவம்மாவுக்கு அளவெடுத்த சீட்

பூவம்மாவைக் குள்ளச்சி என்று யாரும் நேரில் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை சொன்னவனுக்கு அவள் கொடுத்த பதில் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுத முடியாது. அவளுக்கு எதிர்வீடு நான். பெயர் ஷரீஃபுன்னிசா, ஜாக்கெட் தைக்கிறேன். அவள் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து மணலி புதுநகரில் தெருத் தெருவாக விற்கிறாள்.

விற்பது அவளுக்குக் கஷ்டமில்லை. போய்ச் சேருவதுதான் கஷ்டம். கூடையைப் பார்த்தால் ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்தாமல் பறப்பான். பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டு நிற்பார்கள். அவள் போய் இறங்கும்போது வண்டி வைத்திருக்கிற வியாபாரிகள் பாதித் தெருவை முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் அவள் வாசலிலேயே ஒரு பல்சர் நின்றது. அவள் புருஷன் திருமுருகன் ஓட்டியது. அவன் போட்டில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்து மூன்று வருடமாகிறது.

அந்த வண்டிமேல் அவன் அண்ணன் ஜெயவேலுக்குக் கண். ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். ஓட்ட ஆளில்லாமல் துருப்பிடிப்பதற்கு நானாவது எடுத்துக்கொள்கிறேனே என்று வரும்போதெல்லாம் சொல்வார். நான்தான் ஓட்டப் போகிறேன் என்பாள் இவள். ஏறி உட்கார்ந்தால் கால் விரல்கூடத் தரையில் படாது. அதைப் பார்த்து அவர் சிரிப்பார். எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் மீன்பிடி தடைக்காலம் தொடங்கியது. போட் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கம் கைக்கு வேலை இருக்காது, வாய்க்குத்தான் இருக்கும். பூவம்மா சீட்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சீட் கடைக்கு நடந்தாள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைச் செதுக்கித் தாழ்த்தி, புது உறை போட்டுத் தரச் சொன்னாள். கடைக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வூட்ல ஆம்பள யார்னா இருந்தா இட்டுகினு வாம்மா. அவர் சொல்லட்டும், செய்றேன்."

போன வேகத்திலேயே திரும்பி வந்தவள் நேராக என் வீட்டுக்குள் நுழைந்து, உன் மிஷின் ரெக்ஸின் தைக்குமா என்று கேட்டாள். தைக்காது என்றேன். அப்படியானால் தைத்துப் பார்ப்போம் என்றாள்.

பாரிமுனைக்குப் போய் ரெக்ஸின் வாங்கி வந்தாள். நல்ல சிவப்பு. புருஷன் இல்லாதவளுக்குச் சிவப்பு கேட்கிறதா என்று குழாயடியில் பேச்சு. உட்காரப் போவது நானா அவர்களா என்று கேட்டுவிட்டு அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

மீன் வெட்டும் கத்தியாலேயே ஸ்பாஞ்சைச் செதுக்கினாள். முன்பக்கம் அவள் உட்காருகிற இடம் மட்டும். பின்பக்கத்தை மீன் பெட்டிக்காக மேடாகவே விட்டாள். கொஞ்சம் செதுக்குவாள், வாசலுக்குப் போய் வண்டியில் மாட்டி ஏறிப் பார்ப்பாள், இறங்கி வந்து மறுபடி செதுக்குவாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்ட அன்று தெருவே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள்.

தையல்தான் எங்களை அழ வைத்தது. மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலில் ரெக்ஸின் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. தேங்காய் எண்ணெய் தடவியதும் நகர்ந்தது. ஊசி உடைந்தது, தடித்த ஊசி போட்டேன். அவள் மிதித்த மிதியில் பெல்ட் அறுந்தது. வலையின் கிழிசலைக் கட்டிய விரல்கள்தான், ஆனால் மிஷினில் அதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. எப்படியோ ஓர் உறையைத் தைத்து முடித்தாள்.

அதில்தான் கோட்டை விட்டாள். அவள் அப்பா வலை கட்டுகிறவர். வலையைக் கயிற்றில் இழுத்துக் கட்டினால் மீன் மோதும்போது கிழிந்துவிடும், தளர்த்தித்தான் கட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து அதையே செய்தவள், உறையின் ஒவ்வொரு துண்டையும் தாராளமாக வெட்டிவிட்டாள். ஜாக்கெட்டுக்கும் கொஞ்சம் தளர்வு விடுவோமே என்று நானும் பேசாமல் இருந்தேன். விளைவு, சீட்டின் மேல் உறை தொளதொளவென்று கிடந்தது. புருஷன் எப்போதோ சொல்லிக்கொடுத்த கியரை நம்பி அதோடு வண்டியை எடுத்தவள் தெருமுனையில் திரும்பினாள். உறை வழுக்கியது, அவளும் வழுக்கினாள். முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெயவேல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தியவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"போதும்மா. ஏலம் ஆரம்பிக்கிற அன்னிக்கு நான் வந்து எட்துகினு பூட்றேன். ஓட்ட ஆள் இல்லாத வண்டி உனுக்கு இன்னாத்துக்கு?"

வண்டி போனால் அவள் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். நானாக இருந்தால் சாவியை அன்றே கொடுத்துவிட்டு அழுதிருப்பேன். அவள் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு, உறையை உருவி எடுத்து, கத்தரியால் தையலுக்கு உள்ளே வெட்டினாள். இந்த முறை சீட்டின் அளவைவிட ஒரு விரல் குறைவாகவே வெட்டினாள்.

தைத்ததை மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் போட்டு, ரெக்ஸின் இளகியதும் சூட்டோடு சீட்டின் மேல் இழுத்தோம். தண்ணீர் இறங்காமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் ஷீட். நான் முட்டி போட்டு அமுக்கிக்கொள்ள, அவள் சீட்டின் அடிப்பலகை ஓரத்தில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, வலை நூலால் வரிந்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சை என்னால் நகத்தால்கூட அசைக்க முடியவில்லை. ஓரிடத்தில் தையல் கோணல். பிரித்துத் தைக்கச் சொன்னேன். உட்கார்ந்தால் மறைந்துவிடும் என்றாள்.

பிறகு தினமும் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாதபோது ஓட்டிப் பழகினாள். ஆள் வந்த பிறகும் ஓட்டினாள்.

தடை முடிந்து முதல் போட்டுகள் கரை திரும்பிய அன்று விடியற்காலையில், ஜெயவேல் சொன்னபடி வந்து நின்றார். ஏலத்துக்குக் கிளம்பிய பெண்கள் கூடைகளோடு நின்று பார்த்தார்கள். பூவம்மா சாவியை நீட்டினாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, சிக்கிக்கொண்டார். பின்மேடு முதுகைத் தள்ளியது, வயிறு டேங்கில் இடித்தது. ஹேண்டிலைத் திருப்பினார், அது முட்டியில் இடித்து நின்றது. யாரோ சிரித்தார்கள். நான்தான். அவர் முகம் கறுத்து, சீட்டைத்தானே தூக்கிப் போட வேண்டும், வேறு மாட்டிக்கொள்கிறேன் என்றார்.

"சீட்டு கடைல கெடைக்கும் மாமா. ஓட்ட ஆள் இல்லன்னு தானே கேட்ட? ஆள் கீது. எறங்கு."

இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூவம்மா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வாசலில் இருந்த ஐஸ் பெட்டியைக் காட்டினாள்.

"அத்த தூக்கி பின்னாடி வெச்சி கட்டு மாமா. ஏலத்துக்கு நேரமாவுது."

அவர் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. குனிந்து பெட்டியைத் தூக்கி வைத்து, கயிற்றையும் கட்டிவிட்டார்.