பிளாட்டினக் கம்பி அறுந்த நாள்

போன வருஷம் ஷஃபான் மாதம் பதினொரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரமழான் வர முன்பே நோன்பாளி போலக் கிடந்தேன். உம்மா கேட்டதற்கு வயிற்றில் புண் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

ஈமான் கொண்ட சொந்தங்களே, நான் கல்முனைக்காரி. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் தகுதிகாண் விரிவுரையாளராக இருந்தேன். ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் முடித்தால்தான் அந்த வேலை நிரந்தரமாகும். இரண்டு தடவை காலநீடிப்பு வாங்கியாயிற்று. இனி இல்லை, வருட முடிவுதான் கடைசி என்று கடிதம் வந்திருந்தது.

என் ஆராய்ச்சி எரிபொருள் கலம் பற்றியது. ஐதரசனையும் ஒட்சிசனையும் நெருப்பில்லாமல் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி அது. அதற்குப் பிளாட்டினம் வேண்டும். பிளாட்டினம் கிடைப்பது அரிது என்பதால், அதற்குப் பதிலாக மலிவான ஒன்றைத் தேடி உலகமெல்லாம் ஆட்கள் மண்டையை உடைக்கிறார்கள். நான் தேடியது நெல் உமியில். என் கணவர் சவளக்கடையிலுள்ள ஒரு மில்லிலிருந்து மோட்டார் சைக்கிளில் உமி மூட்டை கொண்டுவந்து தருவார். அதைக் கரியாக்கி, கொஞ்சம் இரும்பு சேர்த்து, அமிலத்துக்குள் வைத்து, எவ்வளவு மின்னோட்டம் தருகிறது என்று அளப்பேன்.

மற்றவர்களின் கரி ஓட ஓடக் களைத்துப்போகும். என்னுடையது ஓட ஓட இன்னும் நன்றாக வேலை செய்தது. என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். கட்டுரை ஒன்றும் வெளிவந்தது. "அல்லாஹ் உமியில பரக்கத் வச்சிரிக்கான்" என்று உம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தா. நானும் அப்படித்தான் நம்பினேன். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே தந்தார்கள்.

ஆய்வேட்டின் அட்டையில் தங்க எழுத்தில் போட என் பெயரைக் கடையில் கொடுத்துவிட்டு வந்துதான் இஸ்திகாரா தொழுதேன். சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். எல்லாம் முடிவெடுத்த பிறகு அல்லாஹ்விடம் யோசனை கேட்கிற ஆள் நான். ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் வாயு சிலிண்டர்கள் வைக்கும் சின்ன அறையில் முசல்லாவை விரித்துத் தொழுதேன். இது என் தீனுக்கும் வாழ்வுக்கும் நல்லதென்றால் இலேசாக்கித் தா, கெட்டதென்றால் என்னை விட்டு இதைத் திருப்பிவிடு என்று வாய் கேட்டது. மனம் யாரிடம் எப்போது கையெழுத்து வாங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு படம் மட்டும் மங்கலாக இருக்கிறது, திரும்ப அளந்து தாருங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அதைச் செய்யப் போனபோது பிளாட்டினக் கம்பி அறுந்தது.

அது என்ன கம்பி என்று சொல்ல வேண்டும். மின்சாரம் ஓட அமிலத்துக்குள் கரியோடு இன்னொரு முனையும் வேண்டும். அதற்கு நாங்கள் பாவித்தது கரிக்கோல். அது உடைந்தபோது நாட்டில் டொலர் இல்லை, புதிது இறக்க வழியில்லை. ஆய்வுகூடத்தில் கிடந்த பிளாட்டினக் கம்பியைத் தற்காலிகமாகப் போட்டேன். அந்தத் தற்காலிகம் மூன்று வருடம் நின்றது.

எங்கள் ஆய்வுகூடத்தில் பெரியநீலாவணைக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் சஞ்சீவன். என் உமிக்கரியை வைத்துத் தன் கலாநிதி ஆய்வைத் தொடங்கப் பதிவுக்குக் காத்திருந்தவர். கம்பி அறுந்ததைக் கண்டு, பழைய டோர்ச் பற்றரி ஒன்றை உடைத்து நடுவிலிருக்கும் கரிக்கோலை எடுத்தார். அமிலத்தில் அவித்துக் கழுவிக் கொண்டுவந்தார்.

"சும்மா இருக்கிறதுக்கு இத வச்சு ஓட்டிப் பாப்பம் அக்கா."

ஓட்டினோம். மின்னோட்டம் தரையில் கிடந்தது. புது அமிலம் ஊற்றினேன். புதுக் கரி வைத்தேன். மூன்று தடவையும் அதே கதை. இத்தனை காலமும் பிளாட்டினக் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவில் அமிலத்தில் கரைந்து, என் கரியில் போய் ஒட்டியிருக்கிறது. ஓட ஓட நன்றானது அதனால்தான். வேலை செய்தது உமி இல்லை, பிளாட்டினம். இப்படிச் செய்யாதீர்கள் என்று மூன்றாம் வருட மாணவர்களுக்கு நானே படிப்பிக்கிற பாடம் அது.

"என்னக்கா, கோல் சரியில்லையோ?" என்று சஞ்சீவன் கேட்டார்.

"ஓம், கோல்லதான் பிழை" என்றேன்.

அறுந்த கம்பியை நகை வேலை செய்யும் ஒருவரிடம் நானே கொண்டுபோய் ஒட்டக் கொடுத்தேன். அது கைக்கு வரப் பதினொரு நாள் எடுத்தது. "கம்பி வந்திட்டுதானே, அந்தப் படத்த எடுத்துத் தந்திட்டு முடிங்க" என்றார் பேராசிரியர். போட்டு ஓட்டினேன். மின்னோட்டம் வழக்கம்போல அழகாக ஏறியது. பார்க்க முடியாமல் கருவியை நிறுத்தினேன்.

அஸர் தொழுகைக்கு அந்தச் சிலிண்டர் அறைக்குப் போனேன். சுஜூதில் விழுந்து, யா அல்லாஹ் உதவி செய் என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்போதுதான் உறைத்தது. உதவி எப்போதோ வந்துவிட்டது. திருப்பிவிடு என்று நான் கேட்டேன், அவன் திருப்பினான். நான்தான் அறுந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஓடியிருக்கிறேன்.

முசல்லாவை மடித்துவிட்டு நேரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற ஆக்களும் இந்தப் பிழை விட்டிருக்காங்க. இத ஒருத்தரும் திரும்பச் செஞ்சு பாக்கப் போறதில்ல."

கெட்ட மனிதர் இல்லை. என் வேலையை நினைத்துத்தான் சொன்னார்.

"சஞ்சீவன் செஞ்சு பாப்பார் சேர். நாலு வருஷம் செஞ்சு பாப்பார்" என்றேன்.

அவர் என் ஆய்வேட்டுப் பிரதியை மூடி என்னிடம் தந்தார்.

சஞ்சீவனிடம் சொன்னதுதான் அதைவிடக் கஷ்டம். "அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ அக்கா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து, என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுக் கணவரிடம் சொன்னபோது அவர் முற்றத்தில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். "அப்ப இனி உமி வேணாமா புள்ள?" என்றார். அவரும் அழுதார், நானும் அழுதேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் விட்டேன். வெளிவந்த கட்டுரையையும் நீக்கக் கேட்டு எழுதினேன். வருட முடிவில் வேலை போனது. நான் கள்ளக் கணக்குக் காட்டிப் பிடிபட்டேன் என்று ஊரில் ஒரு கதை. உம்மா கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டா. இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகப் பஸ் தெருவால் போகும்போது இன்னும் எழும்பிப்போய் ஜன்னலால் பார்ப்பேன். நடந்ததைப் பொருந்திக்கொள்ளும் மனதையும் சேர்த்துத்தான் இஸ்திகாராவில் கேட்கிறோம். அந்த மனம் எனக்கு மாதக்கணக்காக வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நாக்கு சொன்னது, நெஞ்சு சொல்லவில்லை. மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் சஞ்சீவன் வீட்டுக்கு வந்தார். சோடியம் பற்றரியில் புது ஆய்வு தொடங்கியிருக்கிறார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"என்ர முதல் அளவெடுப்பு அக்கா. பேராசிரியரிட்டக் குடுக்க முதல் நீங்க ஒருக்காப் பிழை பிடிச்சுத் தரோணும். உங்களிட்டக் காட்டினா எனக்குப் பயமில்ல."

தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அன்றுதான் நெஞ்சும் சேர்ந்து சொன்னது.

என் சொந்தங்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டவனுக்குப் பதில் கிடைக்காமல் போவதில்லை. ஆனால் அந்தப் பதில் உங்கள் கையிலிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அப்போது அதன் பின்னால் ஓடாதீர்கள். நான் ஓடிப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன். என் வேலை போனது. என் பிள்ளைகளின் தட்டில் பொய் விழவில்லை.